பெயரைச் சுமப்பவரிடம் கேளுங்கள்

ஒரே சட்டியில் உண்டு, ஒரே அறையில் உறங்கிப் பல்லாண்டு பழகிய நண்பர்களுங்கூட, இனப்பெயரைப் பற்றிய பேச்செழுந்தால் நாவடங்கிப் போவதை இலங்கையில் வாழ்வோர் அறிவர். பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த, மலையகத்து ஹட்டனைச் சேர்ந்த நண்பன், பிறப்புச் சான்றிதழைப் பிரதியெடுக்க நீட்டும்போதெல்லாம், 'இந்தியத் தமிழர்' என்றெழுதியிருந்த இடத்தின்மேல் பெருவிரலை வைத்தே நீட்டுவான். மூன்று வருஷம் அதைக் கண்டும் காணாதவனாயிருந்த நான், என் மௌனத்தையே மரியாதை என்று எண்ணியிருந்தேன். அது பிழையென்று உணர்ந்தபின், நண்பரின் இனப்பெயரைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட முறைகள் இவை.

1. சரித்திரத்தை முன்னரே அறிந்துகொள்ளுங்கள்

நண்பனைப் பாடப்புத்தகமாக்குவது தருமமன்று. கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் சந்ததியாரை 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பிரித்தெழுதியதும், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதும், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என, அவர்களைக் கேளாமலே பங்கிட்டதும் தெரிந்தவனுக்கே, அந்தச் சொல் ஏன் ஒருவன் காதிற் சுடுகிறது என்பது விளங்கும்.

2. உங்கள் வீட்டுச் சொற்களைச் சோதியுங்கள்

அத்தொழிலாளரின் சந்ததியாரை இழித்துரைக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல் என் வீட்டுத் திண்ணையிலும் சர்வசாதாரணமாகப் புழங்கியது. அதைச் சொன்னவர்கள் கொடியவரல்லர். ஆயினும் அச்சொல் கொடியது. இதை ஒப்புக்கொள்ளாமல் பிறரிடம் மனந்திறக்கச் சொல்வது நியாயமாகாது.

3. தனிமையில், உங்களிலிருந்து தொடங்குங்கள்

பலர் கூடிய இடத்திற் கேட்டால், நண்பன் தன் சமூகம் முழுவதற்கும் சாட்சி சொல்ல நிறுத்தப்பட்டவனாகிவிடுவான். நான் ஒரு மாலை, தேநீர்க்கடை ஆளொழிந்திருந்த வேளையிற் கேட்டேன்: "மச்சான், எங்கட வீட்டில உங்கட ஆக்களைப் பற்றிக் கதைச்ச விதம் எனக்கு வெக்கமாயிருக்கு. உன்னை என்னெண்டு சொன்னா உனக்குச் சரி?"

நெடுநேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "மலையகத் தமிழன்னு சொல்லு மச்சான். எங்கப்பா இந்திய வம்சாவளின்னுதான் சொல்லுவாரு. எனக்கு அங்க ஒரு வாசலும் தெரியாது."

4. விடையோடு வாதாடாதீர்கள்

"நாமெல்லாம் தமிழர்தானே, பிரிவினை எதற்கு?" என்ற வாக்கியம் அன்புபோல் ஒலித்தாலும், எதிரிலிருப்பவனின் அநுபவத்தை மூடிவிடும். தகப்பனுக்கு உவப்பான பெயர் மகனுக்கு உவப்பாயிராததை மேலே கண்டோம். ஆகவே ஒருவர் விடையை அனைவர்க்கும் விதியாக்கவும் வேண்டா. தமிழே தாய்மொழியாகப் பேசியும், தம்மைத் தமிழரென்னாது சோனகரென்றும் முஸ்லிமென்றும் சொல்லிக்கொள்ளும் நண்பரிடத்தும் இதுவே முறை.

5. தவறினால் சுருங்கத் திருத்துங்கள்

பழைய சொல் வாய்தவறி வந்துவிட்டால், "பிழை, மன்னிச்சுக்கொள்" என்பது போதும். நெடிய பரிகாரம், புண்பட்டவனையே உங்களைத் தேற்றும் நிலைக்குத் தள்ளிவிடும்.

6. அவர் இல்லாத இடத்திலும் அந்தப் பெயரைக் காப்பாற்றுங்கள்

இதுவே கடினமான படி. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, பந்தியிலிருந்த பெரியவரொருவர் அந்த வசைச்சொல்லைச் சொல்லிச் சிரித்தார். "மாமா, அப்பிடிச் சொல்லாதேங்கோ, அவையள் மலையகத் தமிழர்" என்றேன். சிரிப்பு நின்றது, சிறிது நேரம் எவரும் பேசவில்லை. என் நண்பனுக்கு இது இன்றளவும் தெரியாது. ஆயினும், மூன்று வருஷம் ஒரே அறையிலிருந்தும் கிட்டாத, அவனை நண்பன் என்றழைக்கும் பாத்தியதை, அந்தப் பந்தியிலேதான் எனக்குக் கிட்டியதென்று கருதுகிறேன்.