பழைய வில்லைக்கு ஏற்ற வடிகட்டி

பின்வரும் பகுதியை வாசித்துக் கருத்துணர்க.

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. லயத்து வீடுகளும் குறைந்துவிட்டன. அங்கு நடந்த திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் இளைய தலைமுறைக்குக் காட்டுபவை பழைய நிழற்படங்களே. அத்தகைய படங்களை எடுத்த காலத்துப் படக்கருவிகளைச் சிலர் இன்றும் பாதுகாத்து வருகின்றனர். அவற்றுள் சோவியத் நாட்டுக் கருவிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

மலேசியாவும் சோவியத் ஒன்றியமும் 1967ஆம் ஆண்டில் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன. அதற்கு முன்பே நம் நாட்டு ரப்பரை அந்நாடு வாங்கி வந்தது. அந்நாட்டின் ஜெனித் படக்கருவிகள் பல நாடுகளில் விற்கப்பட்டன. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னோகோர்ஸ்க் நகரின் தொழிற்சாலையில் 1965 முதல் ஜெனித்-ஈ தயாரிக்கப்பட்டது. அக்கருவியுடன் விற்கப்பட்ட வில்லைகளுள் புகழ்பெற்றது ஹீலியோஸ்-44-2. இணைப்பு வளையம் ஒன்று இருந்தால் இன்றைய மின்னியல் படக்கருவியிலும் இதைப் பொருத்திப் படம் எடுக்கலாம்.

சுங்கை சிப்புட் மாணவர் ஒருவருக்குத் தம் தாத்தாவின் ஹீலியோஸ் வில்லை கிடைக்கிறது என்று கொள்வோம். அதன் முன்கண்ணாடி கீறல் விழாமல் இருக்க, ஃபில்டர் எனப்படும் வடிகட்டி ஒன்றை அவர் பொருத்த வேண்டும். வடிகட்டிக்கு வேறு பயனும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் மஞ்சள் வடிகட்டியைப் பயன்படுத்தினால், அது நீல ஒளியைக் குறைக்கும். வானம் சற்றுக் கருமையாகப் பதிவாக, வெண்மேகங்கள் எடுப்பாகத் தெரியும். ஈப்போவுக்குச் சென்று வடிகட்டி வாங்குவது எளிது. எந்த அளவில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

அந்த வில்லையின் முன்வளையத்தில் பெரும்பாலும் 2/58 என்று பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் 58 மில்லிமீட்டர் வடிகட்டியைக் கேட்டு வாங்கத் தோன்றும். கடையிலும் அந்த அளவு கிடைக்கும் என்பதால் ஐயம் எழாது. ஆனால், 58 என்பது வில்லையின் குவியத் தூரமாகும். முன்னுள்ள 2, ஒளித்துளையைக் குறிக்கிறது. துளை முழுமையாகத் திறக்கும்போது அதன் விட்டம் குவியத் தூரத்தில் பாதி, அதாவது 29 மில்லிமீட்டர். இவ்வகை வில்லைகளை எம்42 என்றும் குறிப்பிடுவர். அந்த 42, வில்லையைப் படக்கருவியோடு இணைக்கும் பின்புற மரையின் விட்டம். இவ்வாறு மூன்று எண்கள் இருந்தும் அவற்றுள் ஒன்றுகூட வடிகட்டியின் அளவன்று.

வடிகட்டியின் அளவு என்பது வில்லையின் முன்புற மரையின் விட்டமாகும். ஹீலியோஸ்-44-2 வில்லைக்கு அது 49 மில்லிமீட்டர். பின்னர் வந்த ஹீலியோஸ்-44எம் வில்லைக்கோ 52 மில்லிமீட்டர். இரண்டின் குவியத் தூரமும் 58 மில்லிமீட்டர்தான். ஜூபிட்டர்-8 என்னும் மற்றொரு சோவியத் வில்லைக்கு 40.5 மில்லிமீட்டர் வடிகட்டி தேவை. எனவே, பெயரைப் பாதி மட்டும் படித்து முடிவு செய்யக்கூடாது.

பெயர் அழிந்து போயிருந்தால் அளந்தறியலாம். வெர்னியர் அளவியை முன்வளையத்தின் உட்புறத்தில் வைத்து, எதிரெதிரான மரை முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். வளையத்தின் மரை உட்பக்கம் புடைத்திருப்பதால், இந்த அளவு சற்றுக் குறைவாகவே வரும். 48.4 மில்லிமீட்டர் என்று காட்டினால், கடையில் கிடைக்கும் 46, 49, 52 ஆகிய அளவுகளுள் அடுத்த பெரிய அளவான 49ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விட்டம் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. மரையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தைப் புரியிடைத் தூரம் என்பர். ஹீலியோஸ்-44-2 வில்லையில் அது 0.5 மில்லிமீட்டர். இன்று விற்கப்படும் 49 மில்லிமீட்டர் வடிகட்டிகளிலோ பொதுவாக 0.75 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் முதலாவதில் ஆறு புரிகளும் இரண்டாவதில் நான்கு புரிகளும் இருக்கும். ஆகவே, புதிய வடிகட்டி சிறிது சுழன்றதும் இறுகி நின்றுவிடும். அப்போது பலங்கொண்டு திருகினால் மென்மையான அலுமினிய மரை சிதைந்துவிடும். பிறகு சரியான வடிகட்டியைக்கூடப் பொருத்த முடியாமற் போகலாம். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும். 0.5 புரி கொண்ட பழைய வடிகட்டியைத் தேடுவதே நல்லது. இல்லையேல், ஒரு பக்கம் வில்லைக்கும் மறுபக்கம் 52 மில்லிமீட்டர் வடிகட்டிக்கும் பொருந்தும் மாற்று வளையத்தை வாங்கலாம். பெரிய வடிகட்டியைச் சிறிய வில்லையில் இப்படிப் பொருத்தலாம். சிறிய வடிகட்டியைப் பெரிய வில்லையில் பொருத்தினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடக்கூடும்.

வடிகட்டி இறுகிக்கொண்டால் குறடு கொண்டு பிடிக்கக்கூடாது. இரு விரல்களால் நெருக்கினாலும் வளையம் நெளிந்து மேலும் இறுகும். அதன் விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பட்டை ஒன்றை இட்டு, சீரான பிடியுடன் மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஆகவே, ஒரு பொருளில் எண் பொறிக்கப்பட்டிருந்தால், அது எதன் அளவு என்பதை முதலில் அறிய வேண்டும். தாத்தாவின் வில்லை மீண்டும் கடையில் வாங்கக்கூடிய பொருளன்று. சில நிமிடம் செலவிட்டு அளந்து பார்ப்பவர், பணத்தோடு அந்த வில்லையையும் காப்பாற்றுகிறார்.

சொற்பொருள்
குவியத் தூரம் – தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளி, வில்லையிலிருந்து இருக்கும் தூரம்
மரை – திருகிப் பொருத்துவதற்கான சுற்றுப் பள்ளமும் மேடும்
முகடு – மரையின் உயர்ந்த பகுதி

வினாக்கள்
1. 2/58 என்னும் குறியீடு எவற்றைக் குறிக்கிறது?
2. அளவியில் 51.3 மில்லிமீட்டர் காட்டினால் எந்த அளவு வடிகட்டியை வாங்க வேண்டும்? ஏன்?
3. விட்டம் சரியாக இருந்தும் வடிகட்டி பொருந்தாமற் போவதற்கான காரணத்தை விளக்குக.
4. பழம்பொருள்களைப் பேணுவதன் அவசியம் குறித்து உம் கருத்தை எழுதுக.