எலக்ட்ரீஷியன் வரும் நாள்

வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வரும்போது பிள்ளைகளை உள்ளே விரட்டாதீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து பார்க்கவிடுங்கள். முதலில் மெயினை அணைப்பார். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். இந்த வரிசையைப் பிள்ளை கவனிக்கட்டும். கட்டிங் பிளேயரின் பிடிக்கு ஏன் உறை போட்டிருக்கிறது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் வாயால் கேட்டால் மனதில் நிற்கும்.

பழைய மூன்று பின் பிளக் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஒரு பின் மட்டும் நீளமாக, தடிமனாக இருக்கும். அதுதான் எர்த். செருகும்போது முதலில் சேர்வதும், உருவும்போது கடைசியில் பிரிவதும் அதுவே. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

செய்து பார்க்க 1.5 வோல்ட் பென்சில் செல், சின்ன டார்ச் பல்பு, இரண்டு துண்டு வயர் போதும். பல்பு இல்லாமல் வயரால் செல்லின் இரு முனைகளையும் இணைத்தால் சூடேறும், கூடவே இருங்கள். சுவரில் வருவது 230 வோல்ட் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

டெஸ்டரை மட்டும் விளையாடத் தரவே வேண்டாம். கை நேராகப் பிளக் பாயின்ட்டுக்குத்தான் போகும். பொம்மை டெஸ்டர்கூட வேண்டாம் என்பேன்.