பழைய ஜீப்: பண்ணையிலேயே பராமரிப்பு

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்து மேற்கே சென்றால், அத்தியந்தல், அடி அண்ணாமலை போன்ற ஊர்ப்பக்கங்களில் களத்து மேட்டிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் பழைய ஜீப் வண்டி நிற்பதை இன்றும் காணலாம். விதை மணிலா மூட்டை, உர மூட்டை, பூக்கூடை, பழுதான மோட்டார் ஆகிய அனைத்தையும் சுமக்கும் வண்டி இது. பயிர் நூல் கற்பிக்கும் ஒருவர் வண்டியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். மானாவாரி நிலத்தில் விதைப்புக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நாட்களில் வண்டி படுத்துவிட்டால் விதைப்பும் தள்ளிப்போகும். ஆகவே இதுவும் சாகுபடி சார்ந்த செய்தியே.

அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்பை, 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட பின் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் என்றே கிராம மக்கள் இதனை அறிந்தனர். பின்னர் அரசு ஏலத்தில் வந்தவை பல, விவசாயிகளின் கைக்கு மாறின. சி.ஜே. 3பி போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளும், டீசல் எஞ்சின் பொருத்தியவையும், 1980-களில் வந்த எம்.எம். 540 வகையும் இவற்றுள் அடங்கும். எஞ்சின் வேறுபட்டாலும், வில்பட்டை, டிரம் பிரேக், நான்கு சக்கர இயக்கம் ஆகிய அடிப்படை அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஸ்பேனர் செட், நல்ல ஜாக், கிரீஸ் துப்பாக்கி, சுத்தமான பனியன் துணி ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பிரேக்: இதில் சிக்கனம் வேண்டாம்

இக்காலத்து வண்டிகளில் பிரேக் ஆயில் செல்லும் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பாதைதான். ஏதேனும் ஒரு சக்கரத்தின் சிலிண்டர் ரப்பர் கிழிந்தாலும் பெடல் தரைவரை இறங்கிவிடும். நான்கு சக்கரங்களிலும் பிரேக் இராது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களில் மக்கள் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. களையெடுக்கும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும் வண்டியானாலும், ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் சாமை மூட்டையுடன் இறங்கும் வண்டியானாலும், பிரேக் போனால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாரம் ஒரு முறை, வண்டியை நிறுத்தி வைத்துப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் கல்போல் நின்றால் நலம். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் தேய்ந்துள்ளது. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்துள்ளது. முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தபின் மேலே நின்றால், பிரேக் கட்டை தேய்ந்து டிரம்மை விட்டு விலகியுள்ளது. கட்டையின் கனத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பின்பு சக்கரத்தின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கெட்டியாக, நாற்றத்துடன் இருந்தால் அது கியர் ஆயில். நீர்த்து, வண்ணப்பூச்சை உரித்திருந்தால் அது பிரேக் ஆயில். இரண்டுமே கட்டையில் படக்கூடாதவை.

காற்றை எடுக்க இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் வர வேண்டும். சக்கரத்தின் உட்புறமுள்ள நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். குமிழிகள் வெளிவரும். பெடலை விடுவதற்கு முன்பே நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் வெளிக்காற்றை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். குமிழி நிற்கும் வரை இவ்விதம் செய்து, மேலே உள்ள தொட்டியில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளவும். வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றலாகாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கமும் சிலரிடம் உள்ளது. அது ரப்பர்களை உப்ப வைத்து, பிரேக் முழுவதையும் கெடுத்துவிடும்.

டிரம்மைக் கழற்றும்போது தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஜாக் போடும் முன்

பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் பலரும் அறியாத ஒரு தன்மையுடையது. மற்ற வண்டிகளில் அது பின் சக்கரங்களையே பிடிக்கும். இவ்வண்டிகள் பலவற்றில் கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்டின் மீதுள்ள சிறிய டிரம்மைப் பிடிக்கிறது. இரு பின் சக்கரங்களும் தரையில் இருக்கும்வரை தவறில்லை. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கினால் தூக்கிவிட்டால், டிரம் அசையாமல் நின்றாலும், டிஃபரன்ஷியல் வழியாகத் தரையிலுள்ள சக்கரம் ஒரு பக்கமும் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமும் சுழல முடியும். வண்டி ஜாக்கிலிருந்து நழுவி உருண்டுவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே நிலைதான். ஆகவே தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல்லோ மரக்கட்டையோ வைத்த பிறகே ஜாக் போட வேண்டும். வண்டிக்கடியில் செல்வதானால் அச்சுக்கடியில் உறுதியான மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதற்கு உதவா, திடீரெனப் பொடிந்துவிடும்.

மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர் மறை உடையவை. வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் மேலும் இறுகி, போல்ட் முறியும். கழற்ற வராத நட்டைக் குழாய் மாட்டி நெம்பும் முன், மறையின் திசையைப் பார்ப்பது நல்லது.

முன் சக்கர உதறல்

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறினால், முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங்கில் தளர்வு. மறையாவிட்டால் கிங்பின்னில் தளர்வு. இடமும் வலமும் ஆட்டினால் தெரியும் தளர்வு கம்பி மூட்டுகளில் இருக்கும். கிரீஸ் நிப்பிள்களில் புதுக் கிரீஸ் வெளிவரும் வரை அடிப்பதே இவற்றுக்கெல்லாம் முதல் மருந்து. சேற்று வயலில் இறங்கி ஏறிய வண்டிக்கு அன்றே கிரீஸ் அடித்தால், உள்ளே புகுந்த நீர் வெளியேறிவிடும். ஸ்டியரிங் பெட்டியைப் பிரிக்கும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

தூசி, டீசல், தண்ணீர்

மணிலா அடிக்கும் களத்தில் நிற்கும் வண்டி, தூசியையே மூச்சாக இழுக்கிறது. பழைய வண்டிகளில் ஆயில் உள்ள காற்று வடிகட்டி இருக்கும். அறுவடைக் காலத்தில் வாரந்தோறும் திறந்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, எஞ்சின் ஆயிலைக் குறியளவு மட்டும் ஊற்றவும். குறிக்கு மேல் ஊற்றினால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சிக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும் அபாயம் உண்டு.

டீசல் தீர்ந்து நின்றுபோன வண்டி, மீண்டும் நிரப்பியதும் கிளம்பாது. குழாயில் காற்று பிடித்திருக்கும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையின்றி டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இஞ்செக்‌ஷன் பம்பின் திருகு. அதன் பின்னும் கிளம்பாவிட்டால், இஞ்செக்டர் குழாய் நட்டுகளைச் சற்றே தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிட வேண்டும். அந்நேரத்தில் கையை அருகில் கொண்டு போகாதீர்கள். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

ரேடியேட்டருக்குக் கிணற்று நீரை ஊற்றுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் உப்புதான் ரேடியேட்டரிலும் படிகிறது. சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைப்பதும் அதே உப்பு. மழைநீரைத் துணியில் வடிகட்டிச் சேமித்து, கூலன்ட் கலந்து பயன்படுத்தலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது. எஞ்சின் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்கவும். ஓடையில் அச்சு மூழ்கி வந்த வண்டியில் டிஃபரன்ஷியல் ஆயிலையும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

கியர் பெட்டிக்கு எஸ்.ஏ.இ. 90 எண் கொண்ட ஜி.எல். 4 வகை ஆயில் ஏற்றது. ஜி.எல். 5 வகையில் சில, உள்ளிருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் பயன்படுத்தாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் திருப்பத்தில் வேறுபட்ட தூரம் ஓடுவதால் ஷாஃப்டுகள் முறுக்கேறி, பல்சக்கரம் உடையும். சேற்றில் சிக்கியபின் நெம்புகோலைத் தேடுவதைவிட, சேற்றில் இறங்கும் முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. மழை ஈரம் காயாத செம்மண் நிலத்தில் வண்டியை இறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சக்கரத் தடத்தில் மண் இறுகி, அடுத்த பயிரில் அந்த வரிசை மட்டும் குட்டையாக நிற்கும்.

பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பைத் துரிதமாகத் துருப்பிடிக்கச் செய்யும். மூட்டை இறக்கிய அன்றே தளத்தைப் பெருக்கி, நீர் ஊற்றிக் கழுவிக் காயவிடுங்கள். துருவேறிய தளத் தகட்டை மாற்றலாம். சேஸில் விரிசல் கண்டால் தெருவோர வெல்டிங்கை நம்பி மலைப்பாதையில் ஓட்டக்கூடாது.

சொந்த உபயோக வண்டியின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னதாகவே விளக்குகள், ஹாரன், புகை, பிரேக் ஆகியவற்றைப் பார்த்து வைத்து, சேஸ் எண் பொறித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் மென்மையாகத் தேய்த்து, எண் படிக்கும்படி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும்.