பெரியம்மாவின் கண்ணுக்கு எந்த மாத்திரை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெரியம்மாவுக்குச் சிறுமூளை தேய்கிற நோய் என்று டாக்டர் சொன்னதாகவும், கண் கோளாறுக்கு ஏதோ மாத்திரை இருக்கிறதாமே, போடி மெடிக்கலில் வாங்கலாமா என்றும் எழுதியிருந்தாய். இப்போதைக்கு வாங்காதே. முதலில் பெரியம்மாவின், அதாவது என் அக்காவின், கண் என்ன செய்கிறது என்று பார்.

அக்கா காய் எடுக்கும் ஏலச்செடி ஆளுக்கு மேல் வளர்ந்தாலும் காய்க்கிற சரம் தூரிலிருந்துதான் கிளம்புகிறது. காய் எடுப்பவர் நாள் முழுக்கக் கீழேயே பார்க்கிறார். கீழே பார்க்கும்போது காய்கள் துள்ளுவதாக அக்கா சொல்கிறாரா? விழி மெல்ல மேலே நழுவி, வெடுக்கென்று கீழே இறங்குகிறதா? இந்த ஆட்டம் பெரும்பாலும் சிறுமூளைக் கோளாறால் வருவது. இதற்குத்தான் அமினோபிரிடின் வகை மருந்து. 2003இல் மியூனிக் மருத்துவர்கள் 17 பேரிடம் அந்த வகையில் ஒன்றைச் சோதித்து, ஆட்டம் குறைவதைக் கண்டார்கள். நரம்பணுக்களின் பொட்டாசியம் வழிகளை அடைத்து, சிறுமூளையின் தாறுமாறான துடிப்பை இது ஒழுங்குபடுத்துகிறது. நோயை நிறுத்தாது. அளவு மீறினால் வலிப்பு வரலாம். அமெரிக்காவில் பறவைகளை விரட்டத் தீனியில் கலந்த நஞ்சும் இந்த வகைச் சரக்குதான்! சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஊசல் போல ஆடும் கண்ணுக்கு மருந்து வேறு: கேபாபென்டின் அல்லது மெமன்டின். ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை திசை மாறி ஆடினால் பேக்லோஃபென்.

ஆட்டமே இல்லாமல், பார்வையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது விழி மந்தமாக நகர்ந்தால் கதை வேறு. பம்பாய் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா 1971இல் ஒன்பது குடும்பங்களில் பரம்பரையாக வந்த இந்த மந்தத்தை விவரித்தார். அதைத் தனி நோயாக முதலில் பிரித்துக் காட்டியது நம் நாட்டு மருத்துவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த மந்தத்தை வேகப்படுத்தும் என்று உறுதியான மாத்திரை இன்றுவரை இல்லை. உனக்குக் கிடைத்த தகவலில் ஆட்டத்துக்கும் மந்தத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் விடுபட்டிருக்கிறது.

அக்கா நேராகவும் கீழேயும் பக்கவாட்டிலும் பார்க்கும்போது செல்போனில் கண்ணை மட்டும் கிட்டத்தில் வீடியோ எடு. அதோடு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போ. குடும்பத்தில் வேறு யாருக்காவது நடை தள்ளாடியதா என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள். அக்கா இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டுபோ. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் அளவு கூடினாலும் கண் ஆடும்.

அன்புடன்,
மாமா