ஒருங்கமைந்த குற்றமும் மக்கள் பார்வையும்

கடைவீதியில் பணப்பையைப் பறித்து ஓடுபவனைக் கண்டால் "திருடன், திருடன்!" என்று கூவுகிறோம். அவனைத் திருடன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பலர் ஒன்றுகூடி, ஆண்டுக்கணக்கில், ஒரு வாணிபத்தைப் போலவே நடத்தும் குற்றத்தை நாம் அவ்வாறு இனங்கண்டு கொள்கிறோமா?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2000 நவம்பர் 15ஆம் நாள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, சில காலம் நிலைத்திருந்து, பொருளாதாயம் கருதிக் கடுங்குற்றங்கள் புரிவதே ஒருங்கமைந்த குற்றமாகும். நம் நாட்டிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு இதனைத் தனிக் குற்றமாகவே கூறுகிறது. வியப்பு என்னவெனில், ஐ.நா. சபை அவ்வாறு முடிவெடுத்த அதே நாளில்தான், கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாட்களுக்குப் பின் வீரப்பனிடமிருந்து விடுபட்டார்.

ஜெகதளாவில் வாழும் நமக்கு அது தொலைதூரக் கதையன்று. கொடநாடு காட்சிமுனையில் நின்று கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அப்பள்ளத்தாக்கிற்கு அப்பால் விரிவது சத்தியமங்கலம் காடு. ராஜ்குமார் கடத்தப்பட்ட காஜனூர், அம்மலைமேல் தாளவாடிக்கு அருகில் உள்ளது.

வீரப்பன் என்றதும் மீசையும் துப்பாக்கியும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் ஒரு மனிதனின் மீசை சந்தனக்கட்டையை விற்றுவிட முடியுமா? மரம் வெட்ட ஆள் வேண்டும், சுமக்க ஆள் வேண்டும், லாரி வேண்டும், சோதனைச் சாவடியில் கண்ணை மூடிக்கொள்ள ஒருவர் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக, எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கும் வியாபாரி வேண்டும். யானைத் தந்தமும் இவ்வழியே சென்றது. ஆசிய யானைகளில் ஆணுக்கே நீண்ட தந்தம் உண்டு. ஆதலால் கொம்பன்களே இரையாயின. தென்னகக் காடுகள் பலவற்றில் ஆண் யானைகள் அருகின. கூலி வாங்கிய ஏழையின் முகம் காவல்துறைக்குத் தெரிந்தது. இலாபம் கண்ட வியாபாரியின் முகம் நம்மில் எவருக்கேனும் தெரியுமா?

இனி, மக்கள் பார்வைக்கு வருவோம். 'பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன்' என்று அவனைப் பற்றிக் கதை சொல்வோர் இன்றும் உளர். காட்டோரச் சிற்றூர்களில் அவன் பணம் கொடுத்ததும் உண்மையே. ஆனால் கூலியும், வாய்திறவாமைக்கு விலையும் ஈகை ஆகுமா? காட்டிக் கொடுத்ததாக ஐயுற்ற எளியவர்களையும் அவன் கொன்றான். கோபிநத்தம் அவன் பிறந்த ஊர். அங்கேயே தங்கி, மக்களுக்கு மருத்துவ உதவி செய்து, மாரியம்மன் கோயிலும் எழுப்பித் தந்தவர் வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ். சரணடைவதாகச் சொல்லி அழைத்து, 1991 நவம்பர் 10ஆம் நாள் அவரைக் கொன்றனர். 1993 ஏப்ரலில் பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அவர்களுடைய பெயர்களை எந்தக் கதையும் சொல்லக் காணோம்.

கதையின் மறுபுறத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் நாள் சந்தனக்கட்டை தேடிப் புகுந்த அரசுப் பணியாளர்கள் அம்மலைவாழ் மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிருடனிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. காக்கிச் சட்டைக்கு அஞ்சிய ஊர், காட்டுக் கும்பலைப் பற்றியும் வாய் திறவாததில் வியப்பென்ன?

இத்தாலியின் சிசிலித் தீவிலும் இதே மௌனம்தான் மாஃபியா கும்பலைக் காத்தது. அக்கும்பலினர் தம்மை 'மானமுள்ள மனிதர்' என்று சொல்லிக்கொண்டனர்; கோயில் விழாக்களில் முன்னிற்கவும் விரும்பினர். பலெர்மோ நகரின் பங்குத்தந்தை பினோ புல்யீசி அவர்களுடைய நன்கொடையை ஏற்க மறுத்தார். தெருச் சிறுவர்கள் அக்கும்பலில் சேராதிருக்க அவர்களுக்கென ஓர் இல்லம் நடத்தினார். 1993 செப்டம்பர் 15ஆம் நாள், தம் 56ஆம் பிறந்தநாளன்று, வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார். 2013இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தது.

வீரப்பன் 2004 அக்டோபர் 18ஆம் நாள் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். தோழியரே, சந்தனம் வாங்கியோர் அதன்பின்னும் சந்தனம் வாங்கிக்கொண்டுதான் இருந்தனர்.