குன்னூர் ஆய்வும் புழுங்கல் அரிசியும்

வகுப்பில் ஒரு மாணவர் எரிந்துவிழுகிறார், சோர்ந்து கிடக்கிறார் என்றால் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறோம். அவருடைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறோமா?

வைட்டமின் பாடத்தை நீலகிரியிலிருந்தே தொடங்கலாம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

பெரிபெரிக்குக் காரணம் பி1 எனும் தயமின் குறைவு. மாவுச்சத்திலிருந்து ஆற்றல் பெற தயமின் வேண்டும். மூளை பெரிதும் குளுக்கோசையே நம்பியிருப்பதால், தயமின் குறையும்போது எரிச்சல், பசியின்மை, மறதி ஆகியவை முதலிலேயே தலைகாட்டலாம்.

பச்சரிசியைத் தீட்டும்போது தயமினில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்குவதால், புழுங்கல் அரிசியில் ஓரளவு தங்கும். வடிகஞ்சியிலும் பி வைட்டமின்கள் கரைந்து வெளியேறும்; கஞ்சியைக் கொட்டாத பாட்டிகளை இங்கே நினைவுபடுத்தலாம்! இரண்டு அரிசியையும் தவிட்டையும் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லி, ஒப்பிடச் செய்யுங்கள். பயறு, நிலக்கடலையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எல்லாப் பதற்றமும் வைட்டமின் குறைவால் வருவதல்ல. தேர்வு பயத்துக்கு நாமே மாத்திரை சொல்லக் கூடாது. சோர்வோடு வாய்ப்புண், கை கால் மரத்துப்போதல் இருந்தால், பெற்றோரிடம் பேசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.