கப்பலில் ஊறுகாய் அனுப்பப் போகிறீர்களா? முதலில் லேபிளைப் பாருங்கள்

கேள்வி: விருதுநகர் அருகே சிறிய அளவில் ஊறுகாய், இட்லிப் பொடி, அப்பளம் தயாரித்து விற்கிறோம். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்ப விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கப்பலில் இடம் பிடிப்பது கடைசி வேலை. அதை ஃபார்வர்டர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். அந்தக் கரையில் சரக்கு இறங்குமா, தடுத்து வைக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் எல்லாம் உங்கள் தயாரிப்புக்கூடத்திலேயே இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

பொருளைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

நீங்கள் விற்கும் ஒவ்வொரு ஊறுகாயையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, அமிலத்தன்மை (பி.எச்.), நீர்ச் செயல்பாடு இரண்டையும் அளந்து வாங்குங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பார்க்கும் எல்லைகள் 4.6, 0.85 என்ற இரண்டு எண்கள். மாங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே புளிப்பானவை. பூண்டு அப்படியல்ல. அதில் வினிகரோ புளியோ சேர்த்து பி.எச். அளவை 4.6க்குக் கீழே கொண்டுவந்து, நீர்ச் செயல்பாடு 0.85க்கு மேல் இருந்தால், அது 'அமிலமேற்றிய உணவு' என்ற தனி வகைக்குள் போய்விடும். அதற்குத் தயாரிப்பாளர் தனிப் பதிவு செய்து, தயாரிப்பு முறையையும் எஃப்.டி.ஏ.விடம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பதிவு கைக்கு வரும்வரை பூண்டு ஊறுகாயை முதல் சரக்கில் சேர்க்காதீர்கள்.

பொடி வகைகளுக்கு எத்திலீன் ஆக்சைடு, பூச்சிக்கொல்லி எச்சம், சால்மோனெல்லா ஆகிய சோதனைகள் அவசியம். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொடிகளைத் திரும்பப் பெறச் சொன்னது எத்திலீன் ஆக்சைடைக் காரணம் காட்டித்தான். உங்களுக்கு மிளகாய் தருபவரிடம் ஒவ்வொரு முறையும் சோதனை அறிக்கை கேட்டு வாங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

லேபிளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்

நம் ஊர் லேபிளோடு அப்படியே அனுப்புவது ஆபத்து. அமெரிக்காவில் எடையை அவுன்ஸ், கிராம் இரண்டிலும் போட வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணை அவர்கள் வகுத்த வடிவத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வாமைப் பொருள் அறிவிப்பு.

2023 ஜனவரி 1 முதல் எள் அங்கே ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். உங்கள் இட்லிப் பொடியில் எள் இருக்கிறது. மாங்காய் ஊறுகாயில் செக்கு நல்லெண்ணெய் ஊற்றினால் அதிலும் எள் இருக்கிறது. அப்பளத்தில் உளுந்து மட்டும்தானே என்று நினைப்பீர்கள். அதில் சேரும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மைதா கலந்திருக்கும். மைதா என்றால் கோதுமை. கோதுமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நீங்கள் விலைக்கு வாங்கும் கூட்டுப் பொருள் ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் எழுதிவைத்து, அதன் பிறகே லேபிள் அச்சடிக்கக் கொடுங்கள். நாளைக்கு ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ அனுப்பினால் கடுகையும் சேர்த்து அறிவிக்க வேண்டியிருக்கும்.

இரு கரையிலும் காகிதங்கள்

இந்தியப் பக்கத்தில் ஐ.இ.சி. எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய உரிமம், மசாலாப் பொடிகளுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு, ஊறுகாய், அப்பளத்துக்கு அபீடா பதிவு, வங்கியின் ஏ.டி. கோடு, ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. ஆகியவை வேண்டும். நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட் இவற்றில் வழிகாட்டுவார்.

அமெரிக்கப் பக்கத்தில் உங்கள் தயாரிப்புக்கூடத்தை எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது, எஃப்.டி.ஏ. சான்றிதழ் எதுவும் தருவதும் இல்லை. 'எஃப்.டி.ஏ. சான்றிதழ் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடக் கூடாது. அங்கே ஒரு ஏஜென்டையும் நியமித்தாக வேண்டும்.

கடைக்காரரிடம் இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எஃப்.எஸ்.வி.பி. இறக்குமதியாளராக யார் பொறுப்பேற்கிறார்கள்?' வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் பாதுகாப்பு முறைகளைச் சரிபார்க்கும் சட்டப் பொறுப்பு அது. அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், அனுபவமுள்ள ஓர் இறக்குமதியாளர் வழியாகப் போவதே நல்லது. அமெரிக்கா செல்லும் கப்பலில் சரக்கு ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐ.எஸ்.எஃப். எனப்படும் இறக்குமதிப் பாதுகாப்பு விவரங்கள் அங்கே தாக்கலாக வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். தாக்கல் செய்வது இறக்குமதியாளர் பொறுப்பு என்றாலும் விவரங்கள் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். கப்பல் கரைசேர 8 மணி நேரத்துக்கு முன்பாவது உணவு வருகை அறிவிப்பு எஃப்.டி.ஏ.வுக்குப் போயிருக்க வேண்டும்.

நாள் கணக்கு

ஆறு மாதம் தாங்கும் பொருள் என்றால் கையில் இருப்பது 180 நாள். பேக்கிங் முடிந்து கன்டெய்னர் துறைமுகம் போகப் பதினைந்து நாள், கடலில் நாற்பத்தைந்து நாள், அங்கே கிளியரன்ஸுக்கும் கிடங்குக்கும் பதினைந்து நாள் என்று வையுங்கள். கடை அலமாரிக்கு வரும்போது மிச்சம் 105 நாள்தான். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் வாரக்கணக்கில் நீண்டது. ஆகவே ஓராண்டு தாங்கும் பொருள்களையே முதலில் தேர்ந்தெடுங்கள். பேக்கிங் முடிந்த சூட்டோடு சரக்கு கிளம்பிவிட வேண்டும்.

ஈரமும் வெப்பமும்

தூத்துக்குடியில் நவம்பர் மழைக்காலத்தில் ஏற்றிய கன்டெய்னருக்குள் ஈரக்காற்றும் சேர்ந்தே அடைபடுகிறது. குளிர்ந்த கடலுக்குள் போனதும் அந்த ஈரம் இரும்புக் கூரையில் நீர்த்துளிகளாகத் திரண்டு அட்டைப்பெட்டிகள் மேல் சொட்டும். அப்பளம் பூசணம் பிடிக்க இது போதும். கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். ஐந்து அல்லது ஏழு அடுக்கு அட்டைப்பெட்டி போடுங்கள். மரப் பேலட் என்றால், உள்மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை அதில் இருக்க வேண்டும்.

முழு கன்டெய்னர் எடுத்தால், ஏற்றுவதற்கு முன் உங்கள் ஆள் ஒருவர் உள்ளே நிற்கட்டும். வெளியே இன்னொருவர் கதவை மூடட்டும். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீரும் வரும். ரசாயன வாடை அடித்தாலும், தரைப்பலகை ஈரமாக இருந்தாலும் வேறு கன்டெய்னர் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

கட்டணமும் காப்பீடும்

முதல் சரக்குக்கு எல்.சி.எல்., அதாவது பிறர் சரக்கோடு பகிரும் கன்டெய்னர் போதும். ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 40, 30, 25 செ.மீ. அளவுள்ள 33 பெட்டிகள் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். பெட்டிக்கு 12 கிலோ என்றாலும் மொத்தம் 400 கிலோவைத் தாண்டாது. ஆகவே நீங்கள் காசு கொடுப்பது இடத்துக்குத்தான். பெட்டிக்குள் வெற்றிடம் விடாதீர்கள். பிறர் சரக்கின் வாடை ஏறாதபடி உள்பை காற்றுப்புகாததாக இருக்கட்டும்.

விலை பேசும்போது எஃப்.சி.ஏ. என்று பேசுங்கள், சரக்கைக் குறித்த இடத்தில் ஒப்படைத்ததோடு பொறுப்பு கைமாறும். அமெரிக்க வரியும் கிளியரன்ஸும் உங்கள் தலையில் விழும் டி.டி.பி.க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். காப்பீட்டை 'ஏ' வகையில் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் தாமதத்தால் வரும் நஷ்டத்தையும், மோசமான பேக்கிங்கால் வரும் கசிவையும் அந்தக் காப்பீடும் தராது. மூடிக்குள் இண்டக்‌ஷன் சீல் போடும் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

முதல் தடவை மாங்காய் ஊறுகாயும் பொடியும் மட்டும், சிறிய அளவில் அனுப்புங்கள். அது தடையில்லாமல் கடை அலமாரிக்குப் போய்ச் சேர்ந்து, பணமும் வங்கிக்கு வந்த பிறகு அப்பளத்தைச் சேருங்கள், அளவைக் கூட்டுங்கள். கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பரிசோதனை அறிக்கையும் சரியான லேபிளும் கையில் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட ஏற்றாதீர்கள்.